கம்பியில் உட்கார்ந்த பேச்சு

போனிலிருந்து அழித்த பேச்சு எங்கள் ஊர்க் கரண்டுக் கம்பியில் வந்து உட்கார ஆரம்பித்தது ஒரு சித்திரை மாதத்தில். அதற்கு முன்னால் அந்தக் கம்பியில் காக்காயும் அறுந்த பட்டமும் தவிர வேறெதுவும் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. ஏன் வந்தது, எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெயிலடித்தால் ஏன் அடிக்கிறது என்று யாராவது கேட்கிறார்களா, குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள், நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். நான் சிந்தாமணி, கரட்டு வீதி முக்கில் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவள், தெய்வசிகாமணி அண்ணன் வீட்டுக்கு நேர் எதிரே என் கடை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை என்னிடம் கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

எல்லாம் தண்ணீரில் ஆரம்பித்தது. ஆற்றுத் தண்ணீர் எங்களுக்கு வாரம் ஒருக்கா என்று பேர், பத்து நாளும் ஆகும், வந்தால் விடியால் கோழி கூவும்போதும் வரும், உச்சி வெயிலிலும் வரும், குடம் நிறைவதற்குள் நின்றும் போகும். அதனால் வால்வு திறக்கிற ராசப்பனுக்கு ஊரே போன் போட்டு "ஏனுங், இன்னைக்கு உடுவீங்ளா" என்று கேட்டுக் கேட்டு, அந்த மனுசன் குளிக்கும்போது போன், சாமி கும்பிடும்போது போன், சொந்த மாமியார் எழவில் பாடையைத் தோளில் வைத்திருக்கும்போது போன், கடைசியில் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அவர் மருமகன் பொறுக்கமாட்டாமல் 'ஊர்ச்சேதி' என்று ஒரு ஆப் பண்ணிக் கொடுத்தான். ராசப்பன் வால்வைத் தொடும்போது தன் போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் ஊரில் எல்லார் போனிலும் மணியடிக்கும், அவ்வளவுதான், அதற்குமேல் அவர் நிம்மதியாக மாமியாரைத் தூக்கலாம்.

மருமகன் கெட்டிக்காரன்தான், ஆனால் அந்த ஆப்பை எல்லாரும் எடுக்கிற இடத்தில் கொண்டுபோய் வைக்கச் சோம்பேறித்தனப்பட்டு, ஃபைலாக வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு, கையால் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டான். எழுதுவது சுலபம். மறுநாள் காலையில் என் கடை வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, யாரோ இலவச வேட்டி கொடுக்கிறார்கள் என்று பஸ்ஸில் போன ஒருத்தர் இறங்கியே விட்டார்.

ஃபைலைத் தொட்டால் முதலில் போன் என்ன கேட்கிறது? 'தெரியாத இடத்திலிருந்து வருகிறது, உள்ளே விடலாமா' என்கிறது. எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறவனையே, எந்த ஊர், யார் மகன், ஆத்தா பிறந்த ஊர் எது, ஆத்தாளுக்கு ஆத்தா பிறந்த ஊர் எது என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் நாற்காலியே போடுவோம், அப்படிப்பட்ட ஜனத்திடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் என்ன சொல்லும்? எல்லாரும் ஒற்றுமையாக 'வேண்டாம்' என்று அமுக்கிவிட்டு "சிந்தாமணி, ஏறமாட்டீங்குது" என்று வந்து நின்றார்கள். நான் ஒவ்வொரு போனாக வாங்கி, செட்டிங்ஸுக்குள் போய், தெரியாதவனை இந்த ஒரு தடவை விடலாம் என்று சம்மதம் கொடுத்து, கெடுதலாக இருக்கலாம் என்று அது மறுபடியும் மிரட்டினால் இருந்தாலும் ஏற்று என்று சொல்லி, ஃபைல் பாதியில் அறுந்து வந்திருந்தால் சிக்னல் கிடைக்கிற தண்ணித் தொட்டி மேட்டுக்கு அவர்களைத் துரத்தி மறுபடியும் இறக்கச் சொல்லி, போன மாதம் வெள்ளோட்டம் பார்க்க அனுப்பிய பழைய ஊர்ச்சேதி உள்ளேயே கிடந்து புதியதை வரவிடாமல் மறித்தால் பழையதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியதை ஏற்றி, இவ்வளவும் பண்ணிய பிறகு, கடைசி வாசலில் போய் அது சொல்லும், இடமில்லை என்று. எனக்கென்ன இதெல்லாம் படித்தா தெரியும், அமுக்கி அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான், அமுக்கத் தெரியாமல் நான் கெடுத்த போனும் உண்டு.

இடமில்லை என்றால் எதையாவது அழிக்க வேண்டும். படங்களை அழித்தார்கள், போன படம் போன இடம் தெரியவில்லை. வந்த பேச்சை அழித்தார்கள், மைக்கைப் பிடித்துப் பேசி அனுப்புகிறார்களே, அந்தப் பேச்சை. அது மட்டும் எங்கும் போகவில்லை, அழித்தவர் வீட்டுக்கு மேலே போகிற கம்பியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உருவம் எதுவும் கிடையாது. கம்பி மட்டும் கொஞ்சம் தொய்யும், காக்காய் இரண்டடி தள்ளி உட்கார்ந்து இடம் விடும், விடியாலும் பொழுது சாயும்போதும் அது தன்னைத்தானே ஒருதரம் சொல்லிக்கொள்ளும், யார் பேசி அனுப்பினார்களோ அவர்கள் குரலிலேயே, வீதிக்கே கேட்கும்படி.

முதலில் மாட்டியது தையல்கார மரகதம். பெங்களூரு மருமகள் லீவுக்கு வந்திருந்த சமயம், காலையில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிற அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே, மரகதத்தின் தங்கச்சி குரல் கணீரென்று சொல்கிறது: "நீ சொன்னது வாஸ்தவந்தாங்க்கா, உன்ற மருமக வெக்கற ரசத்துல நாய்கூடக் காலை நனைக்காது." மருமகள் நிமிர்ந்து பார்த்தாள், புள்ளியை எண்ணினாள், கோலத்தை முடித்தாள், உள்ளே போனாள். அன்றைக்கு மத்தியானம் அந்த வீட்டில் ரசம் வைக்கவில்லை என்று கேள்வி. அப்புறம் ஒவ்வொரு கம்பியாகத் தொய்ய ஆரம்பித்தது, எந்த வீட்டில்தான் இல்லை, கும்பிட்ட வாயும் உண்டு, திட்டின வாயும் உண்டு. என் கம்பியிலும் ஒன்று இருந்தது, அது இந்தக் கதைக்கு வேண்டாம்.

லைன்மேனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் அண்ணாந்து பார்த்து, "ஊட்டுக்குள்ள லைட்டு எரியுதுங்ளா?" என்று கேட்டார். எரியுது என்றோம். "அப்பறமென்னங், பேச்சு எங்க வேலையில்லீங்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார், அவர் அவசரம் அவருக்கு, அவர் வீட்டுக் கம்பியும் தொய்ந்துதானே கிடந்தது.

ஆனால் எங்கள் ஊரைக் குறை சொல்லக்கூடாது, மானம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று அதற்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கம்பி வாயைத் திறக்கப் போகிறது என்று தெரிந்தால் இந்த வீட்டில் காலி ஜாரை மாட்டி மிக்ஸியைப் போட்டுவிடுவோம், எதிர் வீட்டுக்காரர் டிவியை அலறவிடுவார், கோடி வீட்டில் வண்டியை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வைப்பார்கள், அப்படி அந்தச் சித்திரையில் விடியாலும் சாயங்காலமும் எங்கள் வீதியில் ஒன்றையும் அரைக்காமலே மிக்ஸிகள் ஓடின. யாரும் யாருக்கும் சொல்லி வைத்ததில்லை. உன் மானத்துக்கு நான் மிக்ஸி போடுகிறேன், என் மானத்துக்கு நீ போடு, அவ்வளவுதான்.

பேச்சைப் போகச்செய்கிற வழியையும் ஒருத்தர் கண்டுபிடித்தார், அதுவும் தெரியாமல்தான். இட்லிக் கடைப் பொன்னுசாமிக்கு அவர் சின்ன வயசுச் சேக்காளி ஆஸ்பத்திரியிலிருந்து, "ஒருக்கா வந்து பாத்துட்டுப் போடா" என்று அனுப்பியிருந்தது கம்பியில் உட்கார்ந்து தினமும் கூப்பிட, ஒருநாள் தாங்கமாட்டாமல் வீதியில் நின்று அண்ணாந்து, "நாளைக்கு வாரண்டா, கத்தாதடா" என்று சொல்லியிருக்கிறார். கம்பி மேலே எழும்பி நேராகிவிட்டது. மறுநாள் போய்ப் பார்த்தும் வந்தார். அதிலிருந்து யாருக்கு வந்த பேச்சோ அவர் அதன் அடியில் நின்று பதில் சொன்னால் அது போய்விடும் என்று ஊருக்குத் தெரிந்தது, உண்மையான பதிலாக இருக்க வேண்டும், சும்மா "சரி சரி" என்றால் போகாது. மரகதம் மருமகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கம்பியைப் பார்த்து, "நாஞ் சொன்னது பொய்யி, என்ற ரசந்தான் ஆகாது" என்று சொன்னாள், பாவம், அதைச் சொல்வதற்குள் முந்தானை நனைந்துவிட்டது.

இதில் ஒரே ஒரு வீட்டுக் கம்பி மட்டும் தொய்யாமல் இழுத்துக்கட்டின மாதிரி நின்றது, அது தெய்வசிகாமணி அண்ணனுடையது. கொப்பரைக் களம் வைத்திருக்கிறவர், கோயில் கமிட்டியில் இருப்பவர், வேட்டியில் ஒரு கறை பார்த்திருக்கமாட்டீர்கள். அவர் கம்பி நேராக இருப்பதைப் பார்த்து ஊரே, "மனுசன்னா இப்படி இருக்கோணும், அழிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல பாரு" என்று பேசிக்கொண்டது. அழிக்க இல்லாமல் இல்லை, அழிக்காமல் வைத்திருந்தார், அது எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் ஊர்ச்சேதி ஏறவில்லை என்று அவர் போனையும் என்னிடம்தான் கொண்டுவந்தார்.

இடமில்லை என்றது போன். படத்தையெல்லாம் அழித்துப் பார்த்தேன், அப்போதும் இடமில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் அத்தனை இடத்தையும் அடைத்துக்கொண்டு கிடப்பது பேச்சு, ஒரே ஆளிடமிருந்து வந்த பேச்சு, ஒன்றைக்கூட அவர் தொட்டுக் கேட்டிருக்கவில்லை. பேச்சு அவ்வளவு இடத்தை அடைக்குமா என்று கேட்பீர்கள், கேட்ட பேச்சு கொஞ்சம்தான் அடைக்கும், கேட்காத பேச்சுக்குக் கனம் ஜாஸ்தி, இது என் கடையில் நான் கண்ணால் பார்த்தது.

"அண்ணா, இதெல்லாம் துளசியக்கா அனுப்புனதுங். ஒண்ணுகூட நீங்க கேக்கலீங்."

"தெரியும்."

"கேட்டுட்டு அழிச்சரலாங்ளா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்குது? திட்டி வஞ்சிருப்பா." போனைப் பிடுங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு போய்விட்டார். காது மடல் சிவந்திருந்தது.

துளசிமணியக்கா அவருக்குக் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி, வாய்க்காலுக்கு அந்தப்புறம் தனியாக இருக்கிறாள். அவர் கல்யாணத்தில், மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் செய்கிற இணைச்சீரைச் செய்தவள் அவள்தான், அண்ணன் பக்கத்தில் நின்று, கூறைச்சேலையைப் பேழைக்கூடையில் ஏந்திக்கொண்டு, அன்றைக்குக் கல்யாணப்பெண்ணே அவள்தான் என்கிற மாதிரி இருந்தாள் என்று வயசானவர்கள் சொல்வார்கள். அவள் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு அண்ணன் வீட்டு விசேஷம் எதிலும் அவளைப் பார்த்ததில்லை. கேட்டால், "கூப்புட்டாச்சுங், அவதான் வரமாட்டீங்கறா, வைராக்கியக்காரி" என்பார். நாங்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவோம். வைகாசியில் அவர் மகன் கவியரசுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் சாஸ்திரம் பார்க்கிறவர்கள், தாலியறுத்தவள் பந்தல் முகப்பில் நிற்பாளா என்று ஜாடையாகக் கேட்டார்களாம், நிற்கமாட்டாள் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். அதைத் தங்கச்சியிடம் எந்த வாயால் சொல்வது என்று தெரியாமல், அவள் வாயைத் திறந்து பேசினதையும் கேட்காமல் விட்டுவிட்டார், கேட்டால் பதில் சொல்லவேண்டி வருமே.

மகன் வேலையாக வெளியூரில், வீட்டில் இருந்த போன் அவருடையது ஒன்றுதான், அதனால் ஊர்ச்சேதி இல்லாத ஒரே வீடு அவர் வீடுதான் என்றானது. தண்ணீர் வந்து போனது, அவர் வீட்டுக்குத் தெரியவில்லை, அடுத்த தரமும் வந்து போனது, அப்போதும் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்ளலாம்தான், ஆனால் ரங்கநாயகியக்காவுக்கு, அதுதான் அவர் வீட்டம்மாவுக்கு, ஒருத்தரிடம் போய் நிற்பது ஆகாது. "கலியாணத்தை வெச்சுட்டு, வார ஒறம்பரை சனத்துக்குத் தண்ணி எங்கிருந்து வார்க்கறது? ஊரே ஏத்தியாச்சு, உங்க போனுக்கு மட்டும் என்னங் கேடு?" என்று அவள் வாசலில் நின்று கேட்டது என் கடைக்குள் கேட்டது.

அதற்கு அவர் ஒரு யோசனை பண்ணினார் பாருங்கள், அந்த மாதிரி யோசனை எங்கள் ஊர்ப் பெரியமனுசனுக்குத்தான் வரும். கல்யாணத்துக்குப் பேசி வைத்திருந்த ரேடியோ செட்டை முன்னாடியே வரவழைத்துக் கட்டச் சொல்லிவிட்டார், கூம்புக் குழாய் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. பெட்டியெல்லாம் இறங்கிய பிறகு என் கடைக்கு வந்து போனை நீட்டினார்.

"அழிச்சுரு அம்மிணி."

"நாந் தொடமாட்டனுங். உங்களுக்கு வந்ததை நீங்களே அமுக்குங்."

தேங்காயை உடைத்து உடைத்துக் காய்த்துப்போன கை, அந்தக் குப்பைத்தொட்டிப் படத்தின்மேல் நின்றுவிட்டு அமுக்கியது. ஊர்ச்சேதி மளமளவென்று ஏறிக்கொண்டது. வெளியே வந்து பார்த்தால் அவர் வீட்டுக் கம்பி தொட்டில் மாதிரித் தொங்குகிறது, அதில் இருந்த இரண்டு காக்காயும் தள்ளி உட்கார இடமில்லாமல் பறந்தே போய்விட்டன.

அன்று பொழுது சாயும்போது தொடங்கிய பாட்டு, விடியாலும் பாட்டு, சாயங்காலமும் பாட்டு, வீதியில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்கவில்லை. "கலியாணத்துக்கு இன்னும் நாள் கெடக்குதே, அதுக்குள்ள என்னங் செட்டு?" என்று கேட்டவர்களுக்கு, "சந்தோசமுங், மனுசனுக்குச் சந்தோசமிருக்கக் கூடாதா?" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்குத்தான் கூச்சமாக இருந்தது. யாரும் நம்பவில்லை, யாரும் காட்டிக்கொள்ளவுமில்லை. அவர் மானத்துக்கு நாங்களும் மிக்ஸி போட்டோம்.

இவ்வளவு கணக்குப் போட்ட மனுசன், மாதத்துக்கு ஒருக்கா பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்களே, அதை மறந்துவிட்டார். அந்த நாள் வந்தது. காலையில் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் பாட்டு பாதியில் அறுந்தது, ஃபேன் நின்றது, மிக்ஸி நின்றது, வீதி அப்படியே ஓய்ந்துபோனது. கரண்டு இல்லாத கம்பியில் பேச்சுக்கு இன்னும் தெம்பு போலிருக்கிறது, விடியால் சாயங்காலம் என்றெல்லாம் பார்க்காமல் வாயைத் திறந்துவிட்டது.

"அண்ணா, நாந்தானுங் துளசி. ஊர்ச்சேதின்னு ஒண்ணு அனுப்பீருக்காங்ளாமா. தொட்டா, தெரியாத எடத்துல இருந்து வருது, உடலாமாங்குதுங். உடலாங்ளா? அவரு இருந்தா அவரைக் கேட்டிருப்பேன். இப்ப ஆரைக் கேக்கறது, அதான் உங்களைக் கேக்கறனுங்."

மரியாதைக்கு மரகதம் வெறும் வாணலியைத் தட்டிச் சத்தம் பண்ணினாள், பொன்னுசாமி வேண்டுமென்றே இருமினார், நான் கடை ஷட்டரை ஏற்றி இறக்கினேன். பேச்சு நிற்கவில்லை.

"அண்ணா, நிறுவப்படவில்லைன்னு வருதுங். நானு எதையோ தப்பா அமுக்கிப்போட்டனாட்ட இருக்குது. எதை அமுக்கோணும்னு சொல்றீங்ளா?"

"அண்ணா, நேத்துத் தண்ணி வந்துச்சாமா. எனக்குத் தெரியாமப் போச்சுங். பரவால்லீங், கொடத்துல கொஞ்சம் கெடக்குது, ஒருத்திக்கு எவ்வளவு வேணும்."

வாணலிச் சத்தம் நின்றுவிட்டது. வாய்க்காலுக்கு அந்தப்புறம்தான் அவள் இருக்கிறாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், எல்லார் போனிலும் ஏற்றிய நானே அவளுக்கு ஏறியதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. வைராக்கியக்காரி என்று அவர் சொன்னது எங்களுக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

"அண்ணா, எடமில்லைங்குதுங். அவரு பேசி அனுப்புனது கொஞ்சம் வெச்சிருக்கேன், அதை அழிச்சா ஏறுமாட்ட இருக்குது. அழிக்கட்டுங்ளா, வேண்டாங்ளா? நீங்க சொன்னாச் செய்யறனுங்."

அப்போதுதான் தெய்வசிகாமணி அண்ணன் வெளியே வந்தார். சட்டை போட்டிருக்கவில்லை, துண்டுகூட இல்லை. ரங்கநாயகியக்கா, "வேண்டாங், உள்ள வாங், ஊரே பாக்குது" என்று கையைப் பிடித்தாள், அவர் உதறவில்லை, கை தானாக நழுவியது. வீதி நடுவில், வெயிலில், கம்பிக்கு நேர் அடியில் நின்று அண்ணாந்தார். நாங்கள் உள்ளே போய்விடலாம் என்று நினைத்தோம், கால் வரவில்லை.

"உடலாம் அம்மிணி," என்றார். "நம்ம ராசப்பன் மருமகன் பண்ணுனதுதான். ஆமான்னு அமுக்கு." கம்பி கொஞ்சம் ஏறியது. "நீ ஒண்ணும் தப்பா அமுக்கல. பழசு உள்ள கெடக்கும், அதை எடுத்துப்போட்டு அப்பறம் ஏத்து." இன்னும் கொஞ்சம் ஏறியது. "தண்ணி வந்தா நானே சொல்லி உட்டிருக்கோணும், சொல்லல." மறுபடியும் ஏறியது. "அவர் பேச்சை மட்டும் அழிக்காத துளசீ. உனக்கு வேற போன் வாங்கித் தாரேன். மாப்பளை பேச்சை அழிக்காத."

போன மாதமே கேட்ட கேள்விகளுக்கு, கேட்டவள் அங்கே இல்லாதபோது, ஒரு பெரியமனுசன் நடுவீதியில் நின்று, எதை அமுக்கணும், எதை எடுக்கணும் என்று ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, ஒவ்வொரு பேச்சாக எழுந்து போக, கம்பி ஏறிக்கொண்டே வந்து, கடைசியாக ஒன்றே ஒன்று மிஞ்சியது.

"அண்ணா, ஊர்ச்சேதி ஏறிருச்சுங். ஏறி ரொம்ப நாளாச்சு, பக்கத்து ஊட்டுப் புள்ள ஏத்திக் குடுத்துட்டா. அதுக்கப்பறமும் ஏறலை ஏறலைன்னு உங்களைக் கேட்டுட்டே இருந்தனுங், பொய்யிதான், கோவிச்சுக்காதீங்க. அதைக் கேட்டாவாச்சும் ஒரு வார்த்தை பேசுவீங்கன்னு பாத்தேன். கேட்டீங்கன்னா அந்த மைக்குப் படம் நீலமாகுமாமா. தெனமும் எடுத்து எடுத்துப் பாக்கறனுங், இன்னும் ஆகலீங்."

அவர் அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டார். வேட்டியில் கறைபட்டு அன்றைக்குத்தான் பார்த்தோம். அங்கிருந்தே என்னைப் பார்த்து, "இதுக்கு என்னன்னு சொல்றது, சிந்தாமணி?" என்றார்.

"என்னைக் கேட்டா? அது எனக்கு வந்த பேச்சில்லீங்ணா," என்றேன். சொன்ன பிறகு என் நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மத்தியானம் அவர் குளித்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய் பழம், மஞ்சள் குங்குமம், மேலே பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு கிளம்பினார். அழைக்க ஒற்றையாகப் போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ரங்கநாயகியக்கா கதவோரம் நின்று, "நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டு வாரது" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அதனால் கடையைச் சாத்திவிட்டு நான்தான் கூடப் போனேன். வாய்க்காலைத் தாண்டிப் போனோம்.

துளசியக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வீட்டுக் கம்பியும் தொய்ந்திருப்பதைப் பார்த்தோம். நாங்கள் படியேறுவதற்குள் அது பேசிற்று, ஒரு ஆம்பிளைக் குரல், அவசரமில்லாமல்: "துளசீ, மாத்திரை போட்டயா?"

அண்ணன் நின்றுவிட்டார். "அழிச்சுட்டயா அம்மிணி?"

"அழிச்சாத்தானுங் எடங் கெடச்சுது. உங்களைக் கேட்டுப் பாத்தேன், அப்பறம் நானே அழிச்சுட்டேன்." அவள் சிரித்தாள். "இப்பத் தெனமும் ரெண்டு வேளை கேக்கறாருங். போட்டுட்டேன்னு பதில் சொன்னாப் போயிருவாராமா. அதான் மாத்திரையைப் போட்டுக்கறது, சொல்றதில்ல. உள்ள வாங்ணா. வா சிந்தாமணி."

உள்ளே போய் அவர் தாம்பாளத்தை நீட்டினார். அவள் கையை நீட்டிவிட்டு, பாதியில் நிறுத்தி, "குங்குமத்தை எடுத்து வெச்சுட்டுக் குடுங்ணா," என்றாள். அவர் எடுக்கவில்லை. அவளே குங்குமச்சிமிழை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டுத் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வைராக்கியம் என்று நாங்கள் சொன்னோமே, அது எங்கே இருக்கிறது என்று நான் அந்த வீடு முழுக்கத் தேடினேன்.

"வருவயா துளசீ?"

"கூப்புட்டா வராம? கவியரசைத் தூக்கி வளத்த கையிது." கொஞ்சம் தயங்கினாள். "பந்தல்ல எங்க நிக்கோணும்னு மட்டும் முன்னாடியே சொல்லிருங்ணா. தெரியாத்தனமா முன்னால வந்து நின்னுறப் போறேன்."

அவர் தலை குனிந்தே இருந்தது. கம்பியில் உட்கார்ந்த பேச்சாயிருந்தால் ஒரு மாதம் பாட்டைப் போட்டு மறைக்கலாம், இது எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்கிறது.

"முன்னாலதான் நிக்கோணும். எம்பக்கத்துல."

"அண்ணி ஒண்ணுஞ் சொல்லமாட்டாங்ளா?"

"சொல்லுவா."

"சம்பந்தி ஊட்டுல?"

"சொல்லுவாங்க. நிக்கமாட்டான்னு நான் வாக்குக் குடுத்துட்டேன் அம்மிணி. உன்னையக் கேக்காம நாங் குடுத்துட்டேன்." அதைச் சொல்லிவிட்டார். "போய் மாத்திச் சொல்லிட்டு வாரேன்."

அவள் எழுந்து போய் இலையைப் போட்டாள், தண்ணீர் தெளித்தாள், சோற்றை வைத்து நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினாள், எனக்கும் ஒரு இலை போட்டாள். அண்ணன் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார், உருட்டிய சோறு வாய்க்குப் போகவில்லை, குனிந்த முகத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இலையில் விழுந்துகொண்டிருந்தது. நான் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், போட ஒரு மிக்ஸி இல்லையே என்றிருந்தது. துளசியக்கா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் முந்தானையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அழுகாமச் சாப்புடுங்ணா," என்றாள். "கொழம்புல உப்புப் போட்டுத்தான் இருக்குதுங்."